வாயில் காத்த றீத் பிரபு

இலண்டன் மாநகரிலே, போர்ட்லண்ட் பிளேஸ் என்னும் பெருவீதியின் தலைப்பில், ஒரு பெருங்கப்பலின் முன்புறம் போன்ற தோற்றத்தோடு வெண்கல் மாளிகை ஒன்று நிற்கின்றது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தார் 1932ஆம் ஆண்டிற் குடிபுகுந்த ஒலிபரப்பு மாளிகை அதுவேயாம். அதன் முன்மண்டபச் சுவரில் இலத்தீன் மொழியிற் பொறிக்கப்பெற்ற சாசனம் ஒன்று உண்டு. கலைகளுக்கும் கலைத்தெய்வங்களுக்கும் உரிய கோயிலாகிய அம்மாளிகையை முதல் ஆளுநர் சபையார் 1931ஆம் ஆண்டில் எல்லாம் வல்ல இறைவனுக்கு அர்ப்பணித்தனர் என்றும், அப்பொழுது பணிப்பாளர் நாயகமாக இருந்தவர் சேர் ஜோன் றீத் என்றும் அச்சாசனம் கூறும். நம் நாட்டுக் கோயிற் சாசனங்களில் மன்னன் பெயரும் அவன் ஆட்சியாண்டும் வருதல் போல, ஒலிபரப்புக் கோயிலின் சாசனத்தில் றீத் அவர்களின் பெயர் நிலைபெற்றுவிட்டது.

சாசனத்தில் வரும் இறைவன் எச்சமயத்தாரின் இறைவன் என்பது அங்கே சொல்லப்படவில்லை. எல்லாச் சமயத்தாரும் தத்தம் கடவுளாகக் கொள்ளத்தக்க பொதுச்சொல்லே ஆளப்பட்டிருக்கின்றது. ஆயினும், அவ்விறைவனைப் பற்றி அந்தக் கோயிலிலிருந்து வாய் திறந்து பேசும் உரிமை அந்நாளில் எல்லார்க்கும் இருந்ததோ எனின், இல்லை என்பதே விடையாகும். அவ்வுரிமையை யார்க்கு வழங்குவது, யார்க்கு மறுப்பது என்பதைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாயிலில் நின்று தீர்மானித்த ஒருவரின் வாழ்க்கையையே யான் இங்குச் சொல்லப் புகுகின்றேன். அவர் வஞ்சகர் அல்லர். பொருளாசை கொண்டவரும் அல்லர். கடமையை உயிரினும் மேலாக மதித்தவர். அத்தகைய ஒருவர் காத்த வாயிலிலும் பலர் வெளியே நிற்க நேர்ந்தமைக்குக் காரணம் யாது என்பதே நாம் ஆராயத்தக்கது.

ஜோன் சார்ள்ஸ் வோல்சம் றீத் 1889ஆம் ஆண்டு யூலை மாதம் 20ஆம் திகதி ஸ்கொத்லாந்தின் கீழ்க்கரையிலுள்ள ஸ்ரோன்ஹேவன் என்னும் ஊரிற் பிறந்தார். பெற்றோர்க்குப் பிறந்த எழுவருள் இவரே கடைக்குட்டி. தந்தையார் ஜோர்ஜ் றீத் கிளாஸ்கோ நகரத் தேவாலயம் ஒன்றிற் பல்லாண்டு போதகராக இருந்தவர். தம் திருச்சபையின் பொதுப்பேரவைக்குத் தலைமை தாங்கும் பெருமையும் பெற்றவர். ஸ்கொத்லாந்துப் போதகர் ஒருவரின் இல்லம் அக்காலத்தில் எவ்வாறு இருக்கும் என்பதை நம் பழைய சைவ ஆசாரக் குடும்பங்களை அறிந்தவர்கள் எளிதில் ஊகிக்கலாம். காலையும் மாலையும் வேதவாசிப்பு, ஞாயிறன்று விளையாட்டும் களியாட்டும் விலக்கு, வீண்பேச்சுக்கு இடமின்மை என்னும் ஒழுங்கிலே அவர் வளர்ந்தார். தந்தையாரை அவர் தெய்வத்துக்கு அடுத்தபடியாகப் போற்றினார். மகன் ஒலிபரப்புத் துறையில் அடியெடுத்து வைக்கும் முன்னரே தந்தையார் மறைந்துவிட்டார். ஆயினும் அவர் ஏற்றிவைத்த விளக்கு மகனின் உள்ளத்தில் இறுதிவரை அணையவில்லை.

கிளாஸ்கோவிலும் பின்னர் இங்கிலாந்தின் நோர்போக் பகுதியிலுள்ள கிறஷாம் பாடசாலையிலும் பயின்ற றீத், பல்கலைக்கழகஞ் செல்லும் வாய்ப்பைப் பெற்றாரல்லர். புகையிரத இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையிற் பயிலுநராகச் சேர்ந்து பொறியியல் கற்றார். முதலாம் உலகப்போரிற் படைத்தொழில் பூண்டு பிரான்சு நாட்டுப் போர்க்களஞ் சென்றவர், 1915ஆம் ஆண்டு ஒக்டோபரில் முகத்திற் குண்டடி பட்டார். அத்தழும்பு அவர் கன்னத்தில் ஆயுள் முழுதும் கிடந்தது. ஆறரையடி உயரமும், அடர்ந்த புருவமும், வடுப்பட்ட முகமும் உடைய அவரைக் கண்டவர் எவரும் முதலில் அஞ்சாதிருந்ததில்லை என்பர்.

போர்க்காயத்தின் பின் அமெரிக்காவிற் படைக்கல ஆலையொன்றிலும், பின்னர்த் தாய்நாட்டில் ஒரு தொழிற்சாலையின் மேலாளராகவும் பணியாற்றிய றீத், 1922ஆம் ஆண்டு ஒக்டோபரில் நாளிதழ் ஒன்றில் விளம்பரம் ஒன்றைக் கண்டார். கம்பியில்லாத் தந்திக் கருவி செய்யும் கம்பனிகள் ஒன்றுகூடி அமைத்த பிரித்தானிய ஒலிபரப்புக் கம்பனிக்கு மேலாளர் ஒருவர் வேண்டும் என்பது அவ்விளம்பரம். ஒலிபரப்பு என்பது யாது என்பதே அப்பொழுது தமக்குத் தெரியாது என அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார். எனினும் விண்ணப்பஞ் செய்து, அவ்வாண்டு டிசெம்பர் முடிவிற் பதவியேற்றார். அப்பொழுது அவர்க்கு வயது முப்பத்துமூன்று. நால்வர் கொண்ட சிறு அலுவலகமே அவர் பெற்ற அரசு.

கம்பனியைத் தொடங்கியவர்களின் நோக்கம் வானொலிப் பெட்டிகளை விற்பதே. பெட்டி விற்கவேண்டுமாயின் அதிற் கேட்பதற்கு ஏதேனும் இருத்தல் வேண்டும். அவ்வளவே அவர்கள் எண்ணியது. றீத் அதனை வேறு விதமாக நோக்கினார். மலையடிவாரக் குடிசையில் இருப்பவனுக்கும் மாளிகையில் இருப்பவனுக்கும் ஒரே நேரத்தில் ஒரே இசையையும் ஒரே செய்தியையும் கொண்டுசெல்லும் கருவி அதற்குமுன் உலகில் தோன்றியதில்லை. ஒருவன் கேட்பதனால் மற்றவன் கேட்பது குறைவதில்லை. ஆகவே அது விற்பனைச் சரக்கு ஆகலாகாது; அரசாங்கத்தின் ஊதுகுழலும் ஆகலாகாது; மக்கள் அனைவர்க்கும் பொதுவாய் நிற்கும் அறப்பணியாதல் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஆண்டுக்குப் பத்துச் சிலிங் கொடுத்து அனுமதிப்பத்திரம் பெறுவோர் எல்லாரும் அதன் உரிமையாளர் என்பது அவர் கருத்தின் உட்கிடை. இக்கருத்தை 1924ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். 1926ஆம் ஆண்டின் இறுதியில் அத்தகைய பத்திரங்கள் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தன. விளம்பரமின்றி நடக்கும் பொது ஒலிபரப்பு என உலகின் பல நாடுகள் இன்று போற்றும் ஏற்பாட்டுக்கு வித்திட்டவர் அவரே என்பதில் ஐயமில்லை.

சமய ஒலிபரப்பும் அவர் காலத்திலேயே வேரூன்றியது. 1923ஆம் ஆண்டிற் சமயத்தலைவர்கள் கூடிய ஆலோசனைக்குழு ஒன்றை அவர் அமைத்தார். சதக் மேற்றிராணியார் சிறில் கார்பெற் அதற்குத் தலைவரானார். ஆங்கிலத் திருச்சபையாரும், அதனோடு இணங்காத சுயாதீன சபையாரும், கத்தோலிக்கரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்தல் அந்நாளில் எளிய செயல் அன்று. தலைமுறை தலைமுறையாகத் தம்முட் பிணங்கி நின்றவர்கள் அவர்கள். சபைக்குச் சபை மாறுபடும் கொள்கைகளை விடுத்து, கிறிஸ்தவர் அனைவர்க்கும் பொதுவானவற்றையே வானொலியிற் பேசவேண்டும் என்று றீத் வரையறை செய்தார். தம் தந்தையாரின் சபைக்கென அவர் தனிச்சலுகை தேடவில்லை. இஃது அவருடைய பெருந்தன்மை என்றே யான் கொள்வேன்.

குருமார் யாவரும் இப்புதிய கருவியை வரவேற்றனர் என்பதற்கில்லை. 1923ஆம் ஆண்டு அரசகுமாரர் யோர்க் கோமகனின் திருமணம் வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் நடைபெற்றபோது, அதனை ஒலிபரப்பத் தேவாலயத்தார் இசையவில்லை. மதுக்கடைகளில் இருப்போர் தொப்பியைக் கழற்றாமலே திருமணச் சடங்கைக் கேட்பர் என்னும் அச்சமும் அதற்கு ஒரு காரணமாம். இவ்வச்சத்தை முதலில் உதறியவர் இலண்டன் செயின்ற் மார்ட்டின் தேவாலயத்தின் குருவாகிய டிக் ஷெப்பேர்ட். 1924ஆம் ஆண்டு சனவரி 6ஆம் திகதி அவர் தேவாலயத்திலிருந்து முதன்முதலாக முழு ஆராதனை ஒன்று ஒலிபரப்பாயிற்று. நோயாற் படுக்கையிற் கிடந்தோர், கண்ணொளி இழந்தோர், கோயிலுக்கு நடக்கமாட்டா முதியோர் ஆகியோரிடமிருந்து நன்றிக் கடிதங்கள் குவிந்தன. 1928ஆம் ஆண்டு சனவரியில் நாள்தோறும் காலையிற் சிறு வழிபாடு ஒலிக்கத் தொடங்கியது. நேயர் ஒருவரின் இடையறாத வேண்டுகோளே அதற்குக் காரணமாயிற்று.

இனி, இக்காலத்திடை நேர்ந்த சோதனை ஒன்றைச் சொல்லவேண்டும். 1926ஆம் ஆண்டு மே மாதத்திற் பிரித்தானியத் தொழிலாளர் பொது வேலைநிறுத்தஞ் செய்தனர். செய்தித்தாள்களிற் பெரும்பாலன வெளிவரவில்லை. மக்களுக்கு வானொலியே செவியாயிற்று. அப்பொழுது கன்ரபரி அதிமேற்றிராணியார் றண்டல் டேவிட்சன் ஏனைய சபைத்தலைவர்களோடு கலந்து, அரசாங்கமும் தொழிலாளரும் சுரங்க முதலாளிகளும் ஒருசேர விட்டுக்கொடுத்துச் சமாதானம் பேச வேண்டும் என்று ஓர் அறிக்கை ஆயத்தஞ் செய்து, அதனை வானொலியில் வாசிக்க இடங்கேட்டார். நாட்டின் தலைமைச் சமயகுருவே கேட்கின்றார்; கேட்கப்படுபவரோ இறைபக்தியிற் குறைவில்லாதவர். ஆயினும் றீத் இடங்கொடுக்கவில்லை. அரசாங்கம் அவ்வறிக்கையை விரும்பாது என்பது அவர்க்குத் தெரியும். வானொலியை அரசாங்கமே கைப்பற்றிக்கொள்ள வேண்டும் என்று சேர்ச்சில் முதலிய அமைச்சர் சிலர் முனைந்துகொண்டிருந்த வேளை அது. நிறுவனத்தைக் காப்பதற்காக ஒரு குரலைத் தடுப்பதே தக்கதென அவர் கருதினார். சில நாள் கழித்து, மே 11ஆம் திகதி, அதிமேற்றிராணியாரின் குரல் ஒலித்தது; மறுநாள் வேலைநிறுத்தம் முடிந்தது. எதிர்க்கட்சித் தலைவர் றம்சே மக்டொனால்டுக்கோ அந்நாட்களில் இடமே கிடைக்கவில்லை.

இந்நிகழ்ச்சியை யான் இங்கு எடுத்துக்கூறுவதற்குக் காரணம் உண்டு. வாயில் ஒன்றேயாய், காவலரும் ஒருவரேயாயின், இன்று பிறருக்கு அடைக்கும் கதவு நாளை தமக்கும் அடைபடும் என்பதை நாட்டின் தலைமைத் திருச்சபையே அன்று கண்டுகொண்டது. நாளிதழ் ஒன்று நம் கட்டுரையை ஏற்காவிடின் மற்றொன்றை நாடலாம். அதுவும் இயலாதெனின் சிறு அச்சுப்பொறி கொண்டு துண்டுப்பிரசுரமேனும் வெளியிடலாம். வான்வழியோ அவ்வாறன்று. அலைவரிசைகள் எண்ணிக்கையிற் சில. இருவர் ஒரே அலையிற் பேசின் இருவர் பேச்சுங் கேளாது. ஆதலால் ஒருவர்க்கு உரிமை வழங்குதல் மற்றொருவர்க்கு மறுத்தலாகவே முடியும். றீத் அவர்களோ இத்தனியுரிமையைத் தம் பணியின் வலிமையாகவே கொண்டாடினார். பல கைகளிற் சிதறுண்டால் வானொலியின் தரம் தாழ்ந்துவிடும் என்பது அவர் துணிபு.

1927ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிற் பழைய கம்பனி மறைந்து, அரச பட்டயம் பெற்ற கூட்டுத்தாபனம் பிறந்தது. றீத் அதன் முதற் பணிப்பாளர் நாயகமானார்; அவ்வாண்டே சேர் என்னும் பட்டமும் பெற்றார். பொதுச் சொத்து என்று அவர் கண்ட கனவு சட்டமாகி நனவாயிற்று. ஆயின், அப்பொதுச் சொத்திற் சமயங்களுக்கு உரிய பங்கு எவ்வாறு வகுக்கப்பட்டது? கிறிஸ்தவ மரபின் பெருநீரோட்டத்தைச் சேர்ந்தோர்க்கே ஆராதனைக்கும் உபதேசத்துக்கும் இடம் என்பது கொள்கையாயிற்று. ஆலோசனைக் குழுவில் அமர்ந்திருந்தவர்களும் அப்பெருநீரோட்டத்தினரே. கிறிஸ்தவ விஞ்ஞானச் சபையார், ஆவியுலகக் கொள்கையினர் முதலிய சிறு குழுவினர் கேட்டுப் பார்த்துத் திரும்பினர். கடவுட் கொள்கையை ஏற்காத பகுத்தறிவாளர் சங்கங்கள் மறுப்புரை கூற நேரங்கேட்டன, அவையும் மறுக்கப்பட்டன. உள்ளே இருப்போரே வாயிலில் நிற்போரைச் சேர்ப்பதா விடுப்பதா என ஆலோசனை கூறினால் விடை வேறெவ்வாறு அமையும்?

அக்காலப் பிரித்தானியாவிற் பிற சமயத்தார் இருந்தாரோ என ஒருவர் வினவலாம். இருந்தனர். இலண்டன் பேவிஸ் மார்க்ஸ் என்னும் இடத்து யூத ஆலயம் 1701ஆம் ஆண்டு தொட்டு நிற்பது. வோக்கிங் நகரத்துப் பள்ளிவாசல் றீத் பிறந்த அதே 1889ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது. நம் நாட்டவராகிய அநகாரிக தர்மபாலர் இலண்டனிற் பௌத்த விகாரையை நிறுவியது 1926ஆம் ஆண்டில். கூட்டுத்தாபனம் பிறப்பதற்குச் சில மாதங்கள் முந்தி. இச்சமயங்களைச் சேர்ந்த வீட்டில் வானொலிப் பெட்டி இருந்தால் அவ்வீட்டாரும் பத்துச் சிலிங் கட்டியே தீரவேண்டும். கட்டணம் வாங்கும்போது சமயம் வினவப்படவில்லை. நேரம் பகிரும்போது வினவப்பட்டது. அநீதி நுழைந்த இடம் இதுவே.

ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு இதனினும் கடியது. அன்று காலையில் நெடுங்காலம் வானொலி மௌனமாயிருந்தது. தேவாலயத்தில் ஆராதனை நடக்கும் மாலை வேளையிலும் ஓய்ந்திருந்தது. எஞ்சிய நேரத்தில் உயர்ந்த இசையும் சமயவுரையுமே ஒலித்தன. ஆடலிசையும் நகைச்சுவையும் விலக்கப்பட்டன. போதகர் வீட்டு ஒழுங்கு நாட்டின் ஒழுங்காயிற்று. சனிக்கிழமையைப் புனித நாளாகக் கொள்ளும் யூதனுக்கும், வெள்ளிக்கிழமை தொழும் முஸ்லிமுக்கும், எந்நாளையும் புனிதமாகக் கொள்ளாதவனுக்கும் அதே ஞாயிறுதான். உழைப்பாளிக்கு வாரத்தில் ஓய்வு அந்த ஒரு நாளே. விளைவு யாது? 1930களிற் பிரான்சிலிருந்தும் லக்சம்பேர்க்கிலிருந்தும் விளம்பரத்தோடு வந்த ஆங்கில ஒலிபரப்புகளை ஞாயிறுதோறும் இலட்சக்கணக்கானோர் நாடினர். சமயத்தை வலிந்து ஊட்டப் புகுந்தவர், கேட்போரை விளம்பரக்காரரிடம் தாமே அனுப்பிவைத்தவராயினார்.

சொந்த ஒழுக்கத்தைப் பொது விதியாக்கும் இயல்பு அலுவலகத்தினுள்ளும் வெளிப்பட்டது. தலைமைப் பொறியியலாளராயிருந்து நாடெங்கும் ஒலிபரப்பு நிலையங்களை எழுப்பிய பீற்றர் எக்கர்ஸ்லி, மணவிலக்கு வழக்கொன்றிற் சம்பந்தப்பட்டமையால் 1929ஆம் ஆண்டு பதவி துறக்க நேர்ந்தது. அவர் திறமையில் றீத் குறை கண்டாரல்லர், ஒழுக்கமே அளவுகோலாயிற்று.

எனினும் முழு இருளாகவும் அக்காலத்தைச் சித்திரித்தல் நேர்மையாகாது. சருச்சைக்குரிய பொருள்களைப் பேசலாகாது என்று அரசாங்கம் விதித்திருந்த தடையை நீக்குமாறு இடைவிடாது வாதிட்டவர் றீத்தே. 1928ஆம் ஆண்டில் அத்தடை தளர்ந்தது. அதன் பின் 1930ஆம் ஆண்டில் விஞ்ஞானமும் சமயமும் என்னும் பொருளிற் சொற்பொழிவுத் தொடர் ஒன்று நடைபெற்றது. உயிரியலறிஞர் யூலியன் ஹக்ஸ்லியும் மானிடவியலறிஞர் மலினோவ்ஸ்கியும் குருமாரோடு ஒரே தொடரில் உரையாற்றினர். ஆராதனை என்னும் பெருவாயில் அடைபட்டிருந்தபோதும் சொற்பொழிவு என்னும் சாளரம் சிறிது திறந்திருந்தது. சாளரத்தால் வரும் காற்றைக் கொண்டு வாயில் திறந்திருந்தது என்று சொல்லுதல் இயலாது. சாளரமே இல்லை என்று சொல்லுதலும் பிழை.

1932ஆம் ஆண்டு டிசெம்பரிற் குடியேற்ற நாடுகளுக்கான பேரரசு ஒலிபரப்பைத் தொடக்கிவைத்ததும், அவ்வாண்டு நத்தார் நாளில் மன்னரை ஒலிவாங்கியின்முன் இருத்தியதும் அவர் செய்த செயல்களுட் குறிப்பிடத்தக்கன. 1938ஆம் ஆண்டிற் கூட்டுத்தாபனத்தை விட்டு நீங்கினார். அப்பொழுது அனுமதிப்பத்திரங்கள் எண்பது இலட்சத்தைக் கடந்திருந்தன. பின்னர் விமானக் கம்பனித் தலைமை, 1940ஆம் ஆண்டிற் பிரபுப் பட்டம், போர்க்கால அமைச்சுப் பதவிகள் என்பன வந்தன. 1942ஆம் ஆண்டிற் சேர்ச்சில் அவரை அமைச்சிலிருந்து விலக்கினார். அதன்பின் தமக்குத் தக்க பணி வாய்க்கவில்லை என்னும் ஏக்கம் அவரை விட்டகலவில்லை. விளம்பரத் தொலைக்காட்சி வரப்போகின்றது என்ற பேச்செழுந்தபோது, பிரபுக்கள் சபையில் அதனைக் கொள்ளைநோய்க்கு ஒப்பிட்டுக் கடிந்தார். 1967ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவைக்கு அரசியாரின் பிரதிநிதியாக நியமனம் பெற்றார். தந்தையார் போன்ற போதகர்கள் கூடும் பேரவையில் மகன் அரச பிரதிநிதியாய் அமர்ந்த காட்சி அவர் முதுமைக்கு ஆறுதலாயிருந்திருக்கும். 1971ஆம் ஆண்டு யூன் 16ஆம் திகதி எடின்பரோவில் அவர் இயற்கை எய்தினார்.

அவர் விட்டுச்சென்ற வாயில் மெல்ல மெல்லத் திறந்த வரலாறு சுவையுடையது. அவர் பெயரால் 1948ஆம் ஆண்டில் ஆண்டுச் சொற்பொழிவு ஒன்று நிறுவப்பட்டது. முதற் சொற்பொழிவாளராக அழைக்கப்பட்டவர் கிறிஸ்தவ நம்பிக்கையை வெளிப்படையாக மறுத்த தத்துவஞானி பேர்ட்ரண்ட் ரசல். 1955ஆம் ஆண்டு சனவரியில், அபர்டீன் பல்கலைக்கழக உளவியல் விரிவுரையாளர் மார்கரெற் நைற் அம்மையார், கடவுள் நம்பிக்கையின்றியும் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் புகட்டலாம் என வானொலியிற் பேசினார். பத்திரிகைகள் பல அவர்மீது சீறி விழுந்தன. ஆயினும் தொடர்ந்த உரை நிறுத்தப்படவில்லை. 1977ஆம் ஆண்டளவிற் சமய ஒலிபரப்பின் நோக்கமே திருத்தி எழுதப்பட்டது. பிரித்தானியாவில் வழங்கும் முதன்மைச் சமயங்கள் அனைத்தின் வழிபாட்டையும் சிந்தனையையும் எடுத்துக்காட்டுதலே பணி என்றும், அவை பெரும்பாலும் கிறிஸ்தவமாயினும் கிறிஸ்தவம் மட்டுமல்ல என்றும் ஏற்கப்பட்டது. காலை வேளைச் சமயச் சிந்தனையில் யூதர், முஸ்லிம், இந்து, சீக்கியர் குரல்கள் ஒலிக்கலாயின. அதே நிகழ்ச்சியிற் சமய நம்பிக்கையற்றோர்க்கும் இடம் வேண்டும் என்று எழுந்த முறைப்பாட்டை 2009ஆம் ஆண்டிற் கூட்டுத்தாபனத்தின் அறங்காவலர் குழு ஏற்கவில்லை. வாயில் அகன்றபோதும் வழக்கு முற்றவில்லை என்பதற்கு இது சான்று.

இவ்வரலாறு நமக்கு அயலானது அன்று. இலங்கையில் 1925ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒலிபரப்புத் தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலி எனப் பெயர் பெற்ற நிலையத்தை நெறிப்படுத்தப் பிரித்தானியக் கூட்டுத்தாபனத்திலிருந்தே அலுவலர் அழைக்கப்பட்டார். 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி 1967ஆம் ஆண்டு சனவரியில் நம் வானொலியும் கூட்டுத்தாபனமாயிற்று. பௌத்தரும் சைவரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் வாழும் இந்நாட்டிற் பெருநீரோட்டம் ஒன்றே என்று சொல்லி ஒதுங்குதல் இயலாது. பிரித் ஓதுதலும், சைவ நற்சிந்தனையும், முஸ்லிம் சேவையும், கிறிஸ்தவ வழிபாடும் நம் வானொலியில் இடம்பெற்று வந்தமை றீத் காணாத ஒன்றை நாம் கண்டமையைக் காட்டும். எனினும் இடம்பெறுதல் வேறு. நியாயமாய் இடம்பெறுதல் வேறு. 1997ஆம் ஆண்டில் ஒலிபரப்பு அதிகாரசபை மசோதாவை ஆராய்ந்த நம் உயர் நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுமக்கள் சொத்து என்றும், அவற்றைப் பகிர்ந்தளிக்கும் சபை அரசாங்கத்தின் பிடியினின்று விடுபட்டிருத்தல் வேண்டும் என்றும் தெளிவுபடுத்தி, அம்மசோதா அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. காவலர் நல்லவரா என்பதன்று, காவலர் எவர்க்குக் கட்டுப்பட்டவர் என்பதே நீதிமன்றம் எழுப்பிய வினா.

திருக்குறளிலே நடுவுநிலைமை என்னும் அதிகாரம் செய்ந்நன்றியறிதலை அடுத்து நிற்கின்றது. இம்முறைவைப்புக்குப் பரிமேலழகர் கூறும் காரணத்தை மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் றீத் பிரபுவின் நினைவு எனக்கு வருவதுண்டு. நமக்கு நன்மை செய்தவரை எண்ணும்போதே நடுவுநிலை வழுவுதற்கு இடமுண்டாகும்; அவ்விடத்தும் வழுவலாகாது என்பதற்காகவே நன்றியறிதலின் பின் அது வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. பகையால் மட்டுமே மனிதன் கோணுகின்றான் என நாம் எண்ணுகின்றோம். நன்றியாலும் கோணுகின்றான் என்பது உரையாசிரியர் கண்ட நுட்பம். றீத் அவர்களின் கோட்டத்துக்குக் காரணம் வெறுப்பன்று. தந்தையார்மீதும் தம்மை ஆளாக்கிய நம்பிக்கைமீதும் கொண்டிருந்த நன்றியே. தமக்கு அமுதமானது நாட்டார் அனைவர்க்கும் அமுதமாகும் என அவர் மெய்யாகவே நம்பினார். ஆதலால், தாம் ஒருவர்க்கும் அநீதி செய்ததாக அவர் உணர்ந்தாரல்லர். வெறுப்பினாற் செய்யும் அநீதியை மனச்சாட்சி என்றேனும் குத்திக்காட்டும். அன்பினாற் செய்வதை அது குத்திக்காட்டுவதில்லை.

நண்பர், அயலார், பகைவர் என்னும் மூன்று திறத்தார்க்கும் ஒத்து நிற்றலே நடுவுநிலை என உரைநூல் விளக்கும். றீத் காலத்து வானொலியை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். பெருந்திருச்சபையாராகிய நண்பர்க்கு அகன்ற வாயில் கிடைத்தது. யூதரும் முஸ்லிமும் பௌத்தரும் ஆகிய அயலார் நினைக்கப்படவில்லை. பகுத்தறிவாளராகிய எதிர்ப்புறத்தார் தடுக்கப்பட்டனர். நண்பர்களுக்குள் அவர் காட்டிய சமத்துவம் குறையற்றது. ஆனால் நடுவுநிலையின் சோதனை நண்பர்களிடத்து நடப்பதன்று.

எனவே, பொது ஒலிபரப்பில் நியாயம் நிலவுகின்றதா என அறிய விரும்புவோர், வாயிலில் நிற்பவரின் பக்தியையும் ஒழுக்கத்தையும் பார்த்து நிறைவுறலாகாது. பங்கு வகுக்கும் குழுவில் யார் யார் அமர்ந்திருக்கின்றனர், மறுக்கப்பட்டவர் முறையிட வேறு இடம் உண்டா, தலையெண்ணிக்கை ஒன்றையே கொண்டு சிறு சமூகத்தின் குரல் அடியோடு அமிழ்த்தப்படுகின்றதா என்னும் மூன்றையும் பார்த்தல் வேண்டும். பெருஞ்சமூகத்துக்கு மிகுந்த நேரம் கிடைத்தல் இயல்பே. சிறு சமூகத்துக்கு நேரமே இல்லாமற் போதல் இயல்பன்று. தன் வழிபாட்டின் ஒலியைப் பொது வானொலியில் ஒருமுறையேனும் கேட்கும் சிறுவன், இந்நாடு தனக்கும் உரியது என்பதைப் பாடப்புத்தகமின்றியே கற்றுக்கொள்கின்றான்.

றீத் பிரபு தாம் காத்த வாயிலைச் செல்வர்க்கு விற்கவில்லை. முழுவதும் அரசர்க்குக் கொடுக்கவுமில்லை. அதற்காக உலகம் அவர்க்குக் கடமைப்பட்டிருக்கின்றது. அக்கடப்பாட்டை நன்றியோடு ஏற்றுக்கொண்டே அவர் வழுவிய இடத்தையும் வழு என்று சொல்லுதல், நன்றியறிதலை அடுத்து நடுவுநிலைமையை வைத்த நூலைப் பயின்றோர்க்கு முறையாகும்.